மறுகால் தண்ணீரும் சரக்குதான்

நம் சங்க இதழில் வழக்கமாக விலைவாசி, வரி, உரிமம், எடைக்கல் முத்திரை பற்றித்தான் எழுதுகிறோம். இந்த முறை தண்ணீரைப் பற்றி எழுதுகிறோம். "மளிகைக் கடைக்காரனுக்குத் தண்ணீரோடு என்ன வியாபாரம்?" என்று சிலர் கேட்கலாம். வ. புதுப்பட்டியில் கடை வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளிலும் தண்ணீர் சேர்ந்தால் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்கள் பெருகும். கண்மாய் பெருகினால் நெல் விளையும். நெல் விளைந்தால் அறுப்பு முடிந்த கையோடு சம்சாரிகள் கடைக்கு வந்து பற்றைத் தீர்ப்பார்கள். கண்மாய் காய்ந்த ஆண்டில் நம் பேரேட்டில் நிலுவைப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகும். ஆகவே தண்ணீர்க் கணக்கும் நம் கடைக் கணக்கும் ஒரே கணக்குதான்.

கண்மாய் நிறைந்தபின் வருகிற தண்ணீரை நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கலுங்கு வழியாக அது மறுகால் பாயும். மறுகால் தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூரின் மிச்சம் கீழூரின் முதல். மிச்சத் தண்ணீர் என்பதை வீண் தண்ணீர் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

இதே கணக்கைப் பெரிய நகரங்கள் இப்போதுதான் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கின்றன. நகரத்தில் மிஞ்சுகிற தண்ணீருக்குப் புதிய உபயோகம் கண்டுபிடித்து, அதைக் காசாக்கவும் செய்கிறார்கள். அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

நகரத்தில் மிச்சத் தண்ணீர் ஏது?

சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அங்கே மிச்சம் எங்கிருந்து வரும் என்று தோன்றும். ஒரு வீட்டுக்கு 100 லிட்டர் தண்ணீர் போனால் அதில் ஏறக்குறைய 80 லிட்டர் குளித்து, துவைத்து, கழுவிய தண்ணீராக வெளியே வந்துவிடுகிறது என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. அப்படியானால் நாம் செலவழிப்பதாக நினைக்கும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு உண்மையில் செலவாகவில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். மழை பொய்த்தாலும் இந்தத் தண்ணீர் தினமும் வரும். நகரத்தின் பெரிய மிச்சம் இதுதான்.

அரிசி ஆலையை நினைத்துப் பாருங்கள். 100 கிலோ நெல் அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு, கொஞ்சம் நொய் என்று பிரியும். உமியைக் கொட்ட இடம் தேடிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே உமி ஆலைக் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் எரிபொருள். தவிடு மாட்டுக்குப் போனது போக எண்ணெய் பிழியவும் போகிறது. நொய்க்கும் தனி விலை உண்டு. வாங்க ஆள் கிடைக்கும்வரை எல்லாமே கழிவு. ஆள் கிடைத்த நாளிலிருந்து அதுவே சரக்கு. தண்ணீரும் இப்படித்தான்.

மணலியில் நடந்தது

சென்னைக்கு வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள் என்று பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. இவற்றுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். இயந்திரங்களைக் குளிர்விக்கவும் கொதிகலனில் நீராவி எடுக்கவும்தான் அதில் பெரும்பகுதி செலவாகிறது. முன்பு மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைக்கவே, கடல் நீர் பூமிக்குள் புகுந்து அந்தப் பகுதியில் கிணற்று நீர் உப்பாகிப் போனது. முதலையே தின்றுவிட்ட வியாபாரம் அது.

1990-களின் தொடக்கத்தில் அங்கே இருந்த எண்ணெய் ஆலையும் உர ஆலையும் ஒரு புதுக் கொள்முதலை ஆரம்பித்தன. கொடுங்கையூரில் நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஓரளவு சுத்தமான நீரைக் காசு கொடுத்து வாங்கி, தங்கள் செலவில் மேலும் சுத்தப்படுத்தி உபயோகித்தன. 2019-ல் சென்னைக் குடிநீர் வாரியமே கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய உயர்தரச் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தது. அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று வந்தது. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிக்குப் போகிறது. கோயம்பேட்டுத் தண்ணீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது.

இதில் செய்யப்படும் வேலையை நம் பாஷையில் சொல்லலாம். முதலில் மண், துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சலித்து எடுக்கிறார்கள். பிறகு தொட்டியில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னச் செய்கிறார்கள். அடியில் படிகிற சேற்றை நீக்குகிறார்கள். இதுவரை செய்தால் இரண்டாம் தரச் சரக்கு. அதன்பின் மணல் வடிகட்டி, மிக நுண்ணிய சவ்வு வடிகட்டி, கடைசியில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு, ஓசோன் என்று கடந்து வந்தால் கொதிகலனுக்கே விடலாம். நாம் அரிசியில் கல் நீக்கி, குருணை நீக்கி, பாலிஷ் போட்டு, ஒவ்வொரு படியிலும் விலை ஏற்றுவது போலத்தான்.

இதன் பெருமை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். நாடே அதைப் பேசியது. கொடுங்கையூர் நிலையம் ஒன்றே முழு அளவில் ஓடினால் ஒரு நாளில் தருவது அதைப் போல 18 ரயில் தண்ணீர். இரண்டு நிலையங்களும் சேர்ந்தால் 9 கோடி லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரியில் 7,500 நடை. தொழிற்சாலை இந்த நீரை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடிக்கிற ஜனங்களுக்கு மிஞ்சும்.

"சாக்கடைத் தண்ணீரா!" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொதிகலனுக்கு அருவருப்பு கிடையாது. அதற்கு வேண்டியது உப்பும் கசடும் இல்லாத தண்ணீர், அதுவும் தினமும் தவறாமல். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே ஆலைக்காரருக்குப் பெரிய லாபம். சிங்கப்பூரில் 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் இப்படிச் சுத்திகரித்த நீரைக் கொடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதியைக் கணினிச் சில்லு செய்யும் ஆலைகள் போன்ற தொழில்களே வாங்கிக்கொள்கின்றன. சிறு பங்கு நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி குடிநீராகிறது. நாகபுரியில் நகரத்துக் கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டு அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகர் விண்ட்ஹுக்கில் 1968 முதலே இவ்வாறு சுத்திகரித்த நீரைக் குடிநீரிலேயே சேர்க்கிறார்கள்.

கோலார் கண்மாய்கள்

ஆலைகள் இல்லாத நம்மைப் போன்ற ஊர்களுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் கர்நாடகத்தில் இருக்கிறது. கோலார் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. நம்மைப் போலவே ஏரியையும் கிணற்றையும் நம்பிய பூமி. ஏரிகள் வறண்டு, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்ட நிலை. 2018 ஜூன் முதல் பெங்களூர் நகரத்தின் கழிவு நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கோலார் ஏரிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு ஏரி நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. பழைய ஏரிச் சங்கிலிக்கே மறுபடி உயிர் வந்தது. அந்த நீரை நேரே வயலுக்குப் பாய்ச்சாமல், ஏரியில் நிறுத்தி பூமிக்குள் இறங்க விட்டு, கிணற்றில் ஊறி வந்ததை எடுத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. பல கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

ஆனால் அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடங்கிய அடுத்த மாதமே, 2018 ஜூலையில், முதல் ஏரியில் வெள்ளை நுரை கிளம்பியது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போய், தண்ணீர் விடுவது நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், பிறகுதான் திட்டம் தொடர்ந்தது. இரண்டாம் தரச் சுத்திகரிப்போடு நிறுத்தியது போதுமா, மூன்றாம் தரமும் செய்ய வேண்டுமா என்ற வாதம் அதன்பிறகும் ஓயவில்லை. தரம் பார்க்காமல் ஒரு லோடு சரக்கு அனுப்பினால் வாடிக்கையே கைவிட்டுப் போகும் என்பது நமக்குத் தெரியாதா?

திருப்பூர் சொல்லும் எச்சரிக்கை

மிச்சத்தில் இன்னொரு வகையும் உண்டு. கொள்முதல் செய்து வைத்த சரக்குக்கு வாங்குபவர் வராமல் போவது. திருப்பூரில் அதுதான் நடந்தது. சாயப்பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று, பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் பெரிய திட்டம் போட்டார்கள். 2000-களின் நடுவில் தண்ணீரும் வந்தது. அதிக விலை கொடுக்கும் சாயப்பட்டறைகளை நம்பியே திட்டத்தின் வரவு செலவு அமைந்திருந்தது.

சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தார்கள். அதற்காகப் பட்டறைகள் தங்கள் தண்ணீரைத் தாங்களே சுத்திகரித்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கத் தொடங்கின. ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் வெளியிலிருந்து வாங்க வேண்டிய தண்ணீர் வெகுவாகக் குறைந்தது. குழாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெரிய வாடிக்கையாளர் இல்லை. ஒரே வாடிக்கையை நம்பிக் கிட்டங்கி கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. மிச்சத் தண்ணீர்த் திட்டம் எதுவானாலும் ஆலை, தோப்பு, பூங்கா, கட்டிட வேலை என்று பல கைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே பத்திரம்.

நாம் செய்த தவறு

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். நாம் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். கணக்கில் ஒரு பைசா விட மாட்டோம் என்ற பெருமை உண்டு. 2003-ல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினோம். பார்க்க வந்தவர்களுக்குக் காட்டியதோடு சரி. மூன்று மழையில் மண் மூடிவிட்டது. அதன் மேல் காலி எண்ணெய் டின்களை அடுக்கினோம். கூரைத் தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடையில் ஓடியது.

2019 கோடையில் கிட்டங்கி ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் கக்கியது. சுமை இறக்குபவர்கள் மேல் கழுவுவதற்குக்கூட லாரித் தண்ணீர் வாங்கினோம். ஒரு நாள் லாரிக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழுகிறது. ஆண்டுக்கு 80 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 70,000 லிட்டருக்கு மேல். ஆவியாவதும் சிந்துவதும் போக 50,000 லிட்டராவது கைக்கு வரும். நம் கிட்டங்கி மூவாயிரம் சதுர அடி. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர்! பதினாறு வருஷமாகச் சாக்கடையில் விட்டிருக்கிறோம். பேரேட்டில் பைசா விடாதவர்கள் கூரையில் விட்டது இவ்வளவு.

அதே வாரம் டின்களை அகற்றி, குழியைத் தூர் எடுத்து, ஜல்லியும் மணலும் போட்டோம். பக்கத்தில் ஒரு தொட்டியும் கட்டினோம். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, அடுத்து வருவதைப் பிடிக்கிறோம். தரை கழுவ, வண்டி கழுவ, கழிவறைக்கு அது ஆகிறது. கிணறு பொங்கிவிட்டது என்று பெருமை அடிக்க மாட்டோம். லாரிக்குக் கொடுக்கும் பணம் பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அது நம் பணம்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

சின்ன ஊரில் ஆர்.ஓ. நிலையம் கட்டி ஆலைக்குத் தண்ணீர் விற்க முடியாது. ஆனால் தரம் பிரிக்க முடியும். குடிக்க, சமைக்க, சரக்குக் கழுவ முதல் தரம். தரை, வண்டி, கழிவறைக்கு இரண்டாம் தரம். மரத்துக்கும் தென்னைக்கும் மூன்றாம் தரம். எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்துவிட்டாலே பாதி மிச்சம்.

கேன் தண்ணீர் தயாரிப்பவர்களும் கடையில் ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்களும் உப்பு கூடிய தண்ணீரை ஒரு பக்கம் வெளியே விடுகிறார்கள். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். உப்பு அதிகம் என்பதால் செடிக்குத் தொடர்ந்து விடக்கூடாது. காய்கறிக் கடையில் காய் கழுவிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்லது. ஓட்டல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கு வடிந்த தண்ணீரைத் தனியாக நிறுத்தி, பிசுக்கை எடுத்த பிறகே வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடை அடைத்து நம் வாசலிலேயே நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. இரண்டாம் தரத் தண்ணீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒருபோதும் சேரக்கூடாது. குழாய்க்கு வேறு நிறம் அடித்து, "குடிக்க அல்ல" என்று பெரிதாக எழுத வேண்டும். உபயோகித்த தண்ணீரைக் கீரையிலோ பச்சையாகத் தின்னும் காயிலோ தெளிக்கக்கூடாது. இரண்டாம் தரச் சரக்கை இரண்டாம் தரம் என்று சொல்லி விற்பது வியாபாரம். முதல் தரத்தோடு கலந்து விற்பது கலப்படம். தண்ணீரில் கலப்படம் செய்தால் தண்டனையை அனுபவிப்பது நம் குழந்தைகள்.

கடைசியாக ஒன்று. எந்த ஊரானாலும் கடைத்தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். பள்ளத்தை நோக்கித்தான் போகும். பள்ளத்தில் ஓடையோ ஊருணியோ கண்மாயோ இருக்கும். நாம் விடுகிற பிளாஸ்டிக் பையும் பிசுக்கும் அங்கே சேர்ந்தால், மழை பெய்து கண்மாய் நிறைந்தாலும் அந்த மறுகால் தண்ணீரைக் கீழூர்க்காரர் முதலாக ஏற்க முடியாது. அவரும் நம் வாடிக்கையாளர்தான்.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை வைக்கிறோம். உறுப்பினர் கடை, கிட்டங்கிக் கூரைகளின் மொத்தப் பரப்பைக் கணக்கெடுத்து, மழைநீர்க் குழிகளை ஐப்பசி பிறக்குமுன் ஒரே சமயத்தில் தூர் எடுப்பது. கடைத்தெருச் சாக்கடை நீர்நிலையில் சேரும் இடத்தில் வடிகட்டித் தொட்டி ஒன்று கட்டித் தரும்படி பேரூராட்சியிடம் மனுக் கொடுத்து, செலவில் ஒரு பங்கை நாமே ஏற்பது. அந்தத் தொட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய முறை வைத்துக்கொள்வது. மூன்றாவதுதான் கஷ்டமானது. நாம் வெட்டிய குழியின் மேல் டின் அடுக்கியது போல, கட்டிய தொட்டியையும் மறந்துவிடக்கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கூரை எத்தனை சதுர அடி என்று அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கை அங்கேயே கூட்டிப் பார்த்துவிடலாம்.